சனிக்கிழமைகளில் இழுக்காத வண்டி

தம்பி, இந்த ஆம்புலன்ஸ் கூப்பிட்ட உடனே கிளம்புமா? தப்பாக நினைக்காதீங்க. காலையிலிருந்து பார்க்கிறேன், ஒரு தடவைகூட நீங்கள் ஸ்டார்ட் செய்யவில்லை. வெயிலில் நிற்கிற வண்டி. அவசரத்தில் மக்கர் பண்ணிவிட்டால் என்ன செய்வது? சும்மா ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பாருங்க, எனக்காக.

ஆ. போதும், அணைத்துவிடுங்க. நல்ல வண்டி. ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரம்பித்தானே இருக்கிறது? சரி, சரி. கேட்கவில்லை.

நான் பயப்படுகிற ஆள் இல்லை. ரேஸ் நடக்கிற இடம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா, அதற்காகக் கேட்டேன். இப்படி உங்கள் வண்டி நிழலில் நின்றுகொள்ளட்டுமா? மேலே கேலரியில் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் எஞ்சின் சத்தம் சரியாகக் காதில் விழவில்லை.

அதோ, வரிசையில் நிற்கிறதே மஞ்சள் வண்டி, தரையோடு ஒட்டிக்கொண்டு, இரண்டே பேர் உட்காருகிற மாதிரி. அதற்குள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் சம்சாரம். மகள் இல்லைங்க. மருமகளும் இல்லை. என் சம்சாரம்தான், சாந்தாமணி. சிரிக்கிறீங்க. எல்லோரும்தான் சிரிக்கிறார்கள். காலையில் பேர் பதிகிற இடத்தில் ஒரு பிள்ளை, “டிரைவர் எங்கீங்கம்மா?” என்று அவளிடமே கேட்டது. “உன்ற முன்னாடிதான் கண்ணு நிக்கறேன்” என்றாள்.

யாரோடும் முட்டி மோதுகிற போட்டி இல்லையாம். ஒவ்வொரு வண்டியாக விடுவார்களாம். தனியாகச் சுற்றி வர வேண்டும், யார் சீக்கிரம் சுற்றினார்கள் என்று கணக்குப் பார்ப்பார்களாம். “தனியாத்தானுங்க போறேன், தனியாத்தானுங்க போறேன்” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தனியாகப் போகிற வண்டி கவிழாதா தம்பி? இத்தனை வருஷத்தில் நீங்கள் பார்த்திருப்பீங்க. வேண்டாம், வேண்டாம், சொல்லாதீங்க.

சாந்தாமணி டிரைவிங் ஸ்கூல் என்று சிங்காநல்லூர்ப் பக்கம் கேட்டால் யாரும் சொல்வார்கள். பெண்களுக்கு மட்டும். டாக்டரம்மா, டீச்சரம்மா, மில் முதலாளி வீட்டு அம்மா எல்லோரும் இவளிடம் கற்றுக்கொண்டவர்கள்தான். நான் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறேன். போன் எடுப்பது, யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று சொல்வது, வெள்ளிக்கிழமை வண்டிகளுக்குப் பூஜை போடுவது. எனக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்கிறீங்க. தெரியாது. ஒரு வீட்டில் ஒருத்தர் ஓட்டினால் போதாதா? அவள் கற்றுத் தருகிறேன் என்றுதான் சொன்னாள். கல்யாணமான புதிதிலிருந்து சொல்கிறாள். எனக்கு நேரம் அமையவில்லை.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் ஒரு பிரேக் உண்டு, பார்த்திருப்பீங்க. இடது பக்க சீட்டில், காலுக்குக் கீழே. இவள் இத்தனை வருஷமாக அந்த இடது சீட்டிலேயே, அந்த பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள். போன தீபாவளி கழிந்ததும் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “ஏனுங்க, ஊரெல்லாம் ஓட்டறதைப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டேன். நான் ஒரு நாளாச்சும் ஓட்டோணும்.” தினமும்தானே ஓட்டுகிறாய் என்றேன். “அது ஓட்டறதில்லீங்க, அது உருட்டறது” என்றாள். அடுத்த வாரம் இந்த மஞ்சள் வண்டி வாசலில் நிற்கிறது. பழைய வண்டிதான். ஆனாலும் ஸ்போர்ட்ஸ் கார். மிதித்தால் பறக்கும் என்றார் விற்றவர். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். நான் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

அவள் எங்கே போனாலும் நானும் கூடப் போனேன். பயத்தால் இல்லை, துணைக்கு. இந்த வண்டியில் இடது சீட்டில் பிரேக் கிடையாது தம்பி. வெறும் தரை. அந்தத் தரை விரிப்பில் என் கால் பட்டுப் பட்டு ஒரு ஓட்டையே விழுந்துவிட்டது.

நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். சாம்பிராணி. எங்கள் ஸ்கூல் வண்டிகளுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் நான் போடுவேன். எல்லோரையும் போல வெளியே ஒரு சுற்றுக் காட்டிவிட்டுப் போகிற பழக்கம் எனக்கில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, உள்ளே காட்டுவேன். ஓடுகிற எஞ்சினுக்குப் போட்டால்தானே ஓடும்போது காக்கும்? ஸ்டார்ட் செய்யத் தெரியும் எனக்கு, அதற்கு என்ன பெரிய படிப்பு. இத்தனை வருஷத்தில் எங்கள் ஸ்கூல் வண்டி ஒன்றுகூட ஒரு சைக்கிளில் இடித்ததில்லை. இந்த மஞ்சள் வண்டிக்குக் கண் திருஷ்டி அதிகம். தெருவே நின்று பார்க்கிறது. அதனால் அதற்கு மட்டும் இரண்டு மடங்கு போட்டேன். அவள் காலை வகுப்புக்குப் போன பிறகு, நிதானமாக.

அதில் ஒரு விசேஷம் பாருங்க. மற்ற வண்டிகளில் காற்று வடிகட்டி ஒரு பெட்டிக்குள் மூடியிருக்கும். இதில் பழைய சொந்தக்காரர் பெட்டியை எடுத்துவிட்டு, கூம்பு மாதிரி ஒன்றைத் திறந்தபடி வைத்திருந்தார். சாம்பிராணிக் கரண்டியை அதன் பக்கத்தில் கொண்டு போனால் போதும், புகை முழுவதையும் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்சம்கூட வெளியே சிந்தாது. எந்த வண்டியும் அப்படி வாங்கிக்கொண்டு நான் பார்த்ததில்லை. எனக்கு மனசு நிறைந்துவிடும்.

அப்புறம்தான் வண்டிக்கு அந்தக் கோளாறு வந்தது.

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி உடனே இழுக்காது. ‘ம்…’ என்று ஒரு யோசனை. மிதித்தவர் மறந்துபோன பிறகு திடீரென்று ஒரு குதி குதிக்கும். சிக்னலில் பச்சை விழுந்தால் பின்னாலிருக்கிற ஆட்டோக்காரர், “ஏனுங்கக்கா, எண்ணெய் ஊத்தலீங்களா, வெறும் பெயிண்ட்டுதானா?” என்பார். சாந்தாவுக்கு முகம் சிவந்துவிடும். எனக்கு? உண்மையைச் சொல்கிறேன் தம்பி, எனக்கு நிம்மதியாக இருந்தது. பறக்காத வண்டி விழாதே.

அவள் மெக்கானிக் மரியநாதனிடம் காட்டினாள். ஸ்போர்ட்ஸ் கார் மட்டுமே பார்க்கிற பட்டறை அது. அவர் முதலில் பெட்ரோல் சரியில்லை என்றார். டேங்கைக் காலி செய்து வேறு பெட்ரோல் பங்க்கில் நிரப்பினார்கள். சரியாகவில்லை. பிளக் மாற்றினார். இல்லை. மிதித்தால் காற்றுக்கு வழி திறக்கிற தட்டு ஒன்று இருக்கிறதாம், திராட்டில் என்கிறார்கள், அதைக் கழற்றிக் கரியைத் துடைத்தார். கொஞ்சம் தேவலாம் என்றாள். சனிக்கிழமை எடுத்தால் மறுபடியும் ‘ம்…’

கவனித்தீங்களா? சனிக்கிழமை. நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். புதன், வியாழன் என்றால் வண்டி சுமாராகப் போகும். சனிக்கிழமை காலையில் எடுத்தால் சுத்தமாக இழுக்காது. ஒவ்வொரு வாரமும் இதே கதை. மரியநாதனிடம் சொன்னேன். “கிழமைக்கும் எஞ்சினுக்கும் என்னங்கண்ணா இருக்குது?” என்று தலையைச் சொறிந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் ராசிக்கு அப்போது சனி சரியில்லை. நான் சனிக்கிழமை காலையிலும் ஒரு தடவை சாம்பிராணி போட ஆரம்பித்தேன். வெள்ளியும் போட்டு சனியும் போட்டு.

அந்தச் சனிக்கிழமைதான்.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற ரோடு தெரியுமில்லையா? இரண்டு பக்கமும் தோப்பு, நடுவில் குறுகலான ரோடு. முன்னால் ஒரு டிராக்டர், டிரெய்லர் நிறையத் தேங்காய் மட்டை. நெடுநேரம் அதன் பின்னாலேயே போனோம். எதிரே ரோடு காலியாக இருந்தது. இவள் ஹாரன் அடித்து வலது பக்கம் எடுத்து மிதித்தாள்.

வண்டி போகவில்லை.

மிதி தரையைத் தொட்டிருக்கிறது. நான் பார்த்தேன், அவள் கால் முழுசாக இறங்கியிருக்கிறது. வண்டி ‘ம்…’ என்கிறது. டிராக்டரின் பெரிய சக்கரம் என் ஜன்னலுக்குப் பக்கத்தில், என் தலைக்கு மேலே சுற்றுகிறது. எதிரே வளைவில் ஒரு பஸ் திரும்பியது. பின்னால் போய்விடலாம் என்று அவள் கண்ணாடியைப் பார்த்தாள். நாங்கள் விட்ட இடத்தில் ஒரு ஜீப் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை தம்பி, ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு வருகிறது. அதன் கண்ணாடியில் எழுதியிருந்த பேரைப் படித்தேன். டிரைவர் வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன். 

டிராக்டர்க்காரர் புண்ணியவான். எங்களைத் திரும்பிப் பார்த்தார், அப்படியே வண்டியை மண்ணில் இறக்கிவிட்டார். மட்டை பாதி கொட்டியது. அவர் விட்ட இடத்துக்குள் சாந்தா நுழைந்தாள். பஸ் எங்களைத் தாண்டிய பிறகுதான் எஞ்சினுக்கு ஞாபகம் வந்து ஒரு குதி குதித்தது.

ஒரு தென்னந்தோப்பு வேலி ஓரம் நிறுத்தினாள். நான் கத்தவில்லை. நான் கத்தினேன் என்று அவள் சொல்கிறாள், “சாமீ, சாமீ” என்று. எனக்கு அப்படி ஞாபகம் இல்லை. அவள் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. விரல் வெளுத்திருந்தது. பிறகு சொன்னாள்:

“நான் பயந்துட்டேனுங்க.”

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை தம்பி. புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களோடு லாரிக்கு நடுவில் தினமும் உட்காருகிறவள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோதுகூட என்னைத்தான் தைரியமாக இருங்க என்றாள். அவளே பயந்துவிட்டாள் என்றால் நான் யாரைப் பார்ப்பது? திரும்பி வருகிற வழியெல்லாம் ஏதோ ஒரு ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே ஊர்ந்துகொண்டு வந்தோம்.

மறுநாளும் போட்டேன் சாம்பிராணி. ஞாயிற்றுக்கிழமை. போடாமல் எப்படி இருப்பது? அவ்வளவு பெரிய கண்டம் தாண்டியிருக்கிறோம்.

திங்கட்கிழமை அவள் பட்டறைக்குப் போய் வண்டியை நிறுத்தி, “மரியநாதா, இது என்னென்னு தெரியாம நான் இங்கிருந்து போக மாட்டேன்” என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் ஒரு லேப்டாப்பை வண்டியில் செருகி, பக்கத்தில் உட்கார்ந்து இவளை ஓட்டச் சொன்னார். நான் பட்டறை வாசலில் நின்றேன். திரும்பி வந்ததும் அவர் முகத்தில் ஒரு தெளிவு.

“அக்கா, நீங்க மிதிக்கிறீங்க, தட்டு உடனே திறக்குது, காத்து உள்ள போகுது. எல்லாம் சரியாத்தான் நடக்குது. ஆனா காத்து வரலை, வரலைன்னு ஒருத்தன் பொய் சொல்லிட்டிருக்கான். அவன் பேச்சைக் கேட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைச்சு விடுது.”

“யாரு அந்த ஒருத்தன்?”

வடிகட்டிக்குப் பின்னால் குழாயில் ஒரு சின்ன சாமான். அதைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பி. அது எப்போதும் சூடாக இருக்குமாம். காற்று பட்டால் குளிருமாம். எவ்வளவு குளிர்கிறது என்று பார்த்து, எவ்வளவு காற்று போகிறது என்று தெரிந்துகொள்ளுமாம்.

“இது வெள்ளியாட்டம் மின்னோணுங்கக்கா. பாருங்க, வெல்லப்பாகுல முக்கி எடுத்தாப்பல இருக்குது. ஸ்வெட்டர் போட்டவனுக்குக் காத்தடிக்கிறது தெரியுமா? அதான் கதை.” சொல்லிவிட்டு அதை மூக்கருகே கொண்டு போனார். ஒரு தடவை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். “அக்கா, நான் சின்ன வயசுல சர்ச்ல பூசைக்கு உதவி பண்ணுவேன். தூபம் ஆட்டறது என் வேலை. அந்தத் தூபக் கலசத்து மூடியைத் திறந்தா உள்ள இதே பிசின், இதே வாசனை. வண்டிக்கு யாராச்சும் சாம்பிராணி போடறீங்களா?”

நான் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய வைத்திருக்கிறார்.

சாந்தா என்னைப் பார்த்தாள். பிறகு, “வீட்டுக்குப் பக்கத்துல கோயில் இருக்குது மரியநாதா. புகை காத்துல வந்திருக்கும்” என்றாள்.

“காத்துல வந்தா இவ்வளவு படியாதுங்கக்கா. சோறு ஊட்டற மாதிரி யாரோ வாய்கிட்ட கொண்டுபோய் ஊட்டியிருக்காங்க.”

“ஆச தீர ஊட்டியிருப்பாங்க. நீ கழுவு” என்றாள்.

அவர் ஏதோ ஒரு மருந்தைப் பீய்ச்சிக் கழுவினார். உலரவிட்டார். மாட்டினார். ஸ்டார்ட் செய்து மிதியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ‘வ்ரூம்’! தட்டின அந்த நொடியே. எனக்கு நெஞ்சுக்குள் யாரோ தட்டின மாதிரி இருந்தது.

தம்பி, நான் ஒன்று கேட்கிறேன். புகை படிந்தது என்கிறார், சரி. அதனால் வண்டி இழுக்கவில்லை என்கிறார், அதுவும் சரி. அன்றைக்கு அந்த பஸ்ஸுக்கு முன்னால் நாங்கள் பிழைத்தோமே, அது எதனால்? அந்த லேப்டாப் அதைக் காட்டுமா?

வீட்டுக்கு வந்து சாந்தா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். காபி கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை ஓட்டறதுக்குப் பேர் குடுத்திருக்கேன். நான் போகத்தான் போறேன். வெள்ளிக்கிழமை நீங்க சாம்பிராணி போடறதுன்னா போடுங்க. வேண்டாம்னு சொல்ல மாட்டேன். சாவி ஆணியிலதான் மாட்டியிருக்கும். ஆனா நான் மிதிக்கும்போது அது என்ன பண்ணோணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

பார்த்தீங்களா, அவளுக்கும் நம்பிக்கை உண்டு. போடுங்கள் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். சாவியை எடுத்தேன். எஞ்சினை ஓடவிட்டேன். பானெட்டைத் திறந்தேன். கரி நன்றாகக் கனிந்து செக்கச்செவேலென்று இருந்தது. சாம்பிராணித் தூளைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். போட்டால் வண்டி பறக்காது. பறக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் ஆகாது. அப்படித்தானே? ஆனால் அந்தக் கூம்பைப் பார்க்கிறேன், அது ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்த டிராக்டர் சக்கரம்தான் கண்ணில் சுற்றுகிறது. அவள் கால் தரையைத் தொட்டுக்கொண்டிருந்ததே, அது. மிதித்துக்கொண்டே இருந்தாள் தம்பி. வரும் வரும் என்று மிதித்துக்கொண்டே இருந்தாள்.

கரி ஈரமாகிவிட்டது. நான்தான் சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். எப்படியோ ஈரமாகிவிட்டது, அதனால் போட முடியவில்லை. சாயங்காலம் அவள் பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். “இன்னைக்குப் போடலீங்களா?” என்றாள். கரி ஈரம் என்றேன். எனக்குப் பிடிக்கும் என்று தக்காளி தோசை ஊற்றினாள்.

இருங்க, இருங்க. மஞ்சள் வண்டி முன்னால் வருகிறது. கொடி பிடித்தவர் கையைத் தூக்குகிறார். ஐயோ, இறக்கிவிட்டார்.

போய்விட்டாள். பார்த்தீங்களா? இங்கே இருந்தவள் அங்கே இருக்கிறாள். நடுவில் எதையுமே நான் பார்க்கவில்லை. அந்த வளைவுக்கு அப்புறம் என்ன இருக்கிறது? அந்தக் கருவேல மரங்களுக்குப் பின்னால் எதுவுமே தெரியவில்லையே. சத்தம் மட்டும் கேட்கிறது. கேட்கிறதா? ஏறுகிறது, ஏறுகிறது…

நின்றுவிட்டது.

தம்பி, சத்தம் நின்றுவிட்டது. சாவியைப் போடுங்க. விளையாடாதீங்க, சாவியைப் போடுங்க! எதற்குக் கையைக் காட்டுகிறீங்க? கொடி அசைந்தால்தான் போக வேண்டுமா? கொடி பிடித்தவனுக்குப் பெண்டாட்டியா அது? நான் ஏறிக்கொண்டேன், பாருங்க, கதவையும் சாத்திவிட்டேன், கிளப்புங்க…

வந்துவிட்டது. சத்தம் வந்துவிட்டது.

வளைவில் மிதியிலிருந்து காலை எடுப்பார்களா? காலை எடுத்தால் சத்தம் அப்படி ஒரேயடியாக அடங்குமா? இதற்கு முன்னால் அடங்காதே. காலை எடுத்தாலும் இழுத்துக்கொண்டேதான் அடங்கும், காலை வைத்தாலும் யோசித்துத்தான் வரும். இப்போது… இதோ, எடுத்துவிட்டாள். இதோ, வைத்துவிட்டாள். வைத்த உடனே வருகிறது. மறுபடி எடுத்தாள். பாருங்க, இங்கே உட்கார்ந்துகொண்டே அவள் கால் எனக்குத் தெரிகிறது. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் எனக்கு உயிர் போகிறது. வைக்கும்போது வருகிறது. இன்னும் எத்தனை சுற்று? பரவாயில்லை, சொல்லாதீங்க. வைத்தாள். எடுத்தாள். இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் தம்பி. இவள் இப்படி ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

முடிந்ததா? கொடி காட்டிவிட்டார்கள். மெதுவாக வருகிறாள். நின்றுவிட்டாள். இறங்குகிறாள், காலெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள். முகத்தைப் பாருங்களேன். கேலரியைப் பார்க்கிறாள். என்னைத்தான் தேடுகிறாள். அங்கேதான் இருப்பேன் என்று சொல்லியிருந்தேன். மேலே தேடுகிறாள், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும்.

நீங்கள் கொஞ்சம் கையைத் தூக்கிக் காட்டுங்க. எனக்குக் கை வரவில்லை.

இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். என்னைப் பார்த்துவிட்டாள். ஏன் சிரிப்பு போய்விட்டது? ஏன் ஹெல்மெட்டைக் கீழே போட்டாள்? ஏன் இப்படி ஓடி வருகிறாள்? ஐயோ, நான் ஆம்புலன்ஸுக்குள் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்! தம்பி, இந்தக் கதவு எப்படித் திறக்கும்? சீக்கிரம், சீக்கிரம். சாந்தா! ஓடாத சாந்தா, விழுந்துறாத! எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கறேன்!